நூத்தி இருவது மீட்டர் தாரணி

அன்னிக்குக் காலையில பத்தரை மணிக்கு ஸ்டீமருக்குள்ள போனது தாரணி, பன்னெண்டு மணிக்கு மறுபக்கம் வெளிய வந்தது நூத்தி இருவது மீட்டர் துணி. நடந்தது இவ்வளவுதான், மிச்சமெல்லாம் ஊரு நடத்துனது.

கரூருக்கு மேக்கால, ஆத்துக்கு அந்தாண்ட இருந்துச்சு அந்தப் பிரிண்டிங் கம்பெனி. அங்க ஓடுற துணி சாதாத் துணி இல்ல, சாட்டின். பருத்திதான், ஆனா நூத்துக்கு மூணு பங்கு ரப்பர் நூலு கலந்தது, ஒரு பக்கம் எண்ணெய் தடவுன மாதிரி பளபளங்கும், குறுக்கால இழுத்தா விரியும், விட்டா திரும்பி வந்து சேந்துக்கும், அதனால அதுல சட்டையும் தைக்கலாம், சோபாவுக்கும் மாட்டலாம், ஜன்னலுக்கும் கட்டலாம். கம்ப்யூட்டர்ல வரைஞ்ச பூவை மெஷின் மை பீச்சி பீச்சி அது மேல அடிக்கும், அடிச்சு முடிக்கறப்ப எல்லாம் சாம்பல் பூசுனாப்புல மங்கலாக் கெடக்கும், அப்புறம் லாரி அளவு இருக்கற ஸ்டீமர் பெட்டிக்குள்ள நொழைஞ்சு நூறு டிகிரி ஆவியில ஊறி வெளிய வர்றப்பத்தான் ஊதா ஊதாவாவும் பச்சை பச்சையாவும் கண்ணு தொறக்கும், அப்படித் தொறந்த கலரு அப்புறம் எத்தனை சலவை போட்டாலும் போவாது.

அந்தக் கம்பெனியில பரிமளா செக்கிங் டேபிள்ல இருந்தா. கீழ டியூப்லைட் எரியற கண்ணாடி மேசை மேல துணி ஓடிக்கிட்டே இருக்கும், எங்க கறை, எங்க கோடு, எங்க மை சிந்தியிருக்குதுன்னு பாத்து பாத்து சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டறதுதான் பத்து வருசமா அவ வேலை. அவ ரோல்ல இருக்கறவ. ரோலுன்னா பேரு பதிவேடு, பி.எஃப். புடிப்பாங்க, அடையாள அட்டை உண்டு. அவ தங்கச்சி தாரணி, இருவத்திரெண்டு வயசு, மூணு வருசமா அதே கம்பெனியில துணி மடிச்சுக்கிட்டிருந்தாலும் ரோல்ல இல்லாதவ. அப்படி இல்லாதவங்க பத்துப் பேரு இருந்தாங்க. வெளிநாட்டுல இருந்து ஆடிட்டு வர்ற அன்னிக்கு அந்தக் கம்பெனியில எல்லாருக்கும் அவங்கவங்க வேலை மனப்பாடம்: ரோல்ல இருக்கறவங்க புது முகமூடி மாட்டிக்கிட்டு மெஷினாண்ட நிக்கணும், ரோல்ல இல்லாதவங்க குடோனுக்குள்ள மறையணும்.

அன்னிக்கு ஒம்போது பேரு மறைஞ்சாங்க. தாரணி மட்டும் டீ டம்ளரைக் கழுவி வெச்சுட்டு ஆடி அசைஞ்சு வந்தா, வர்றதுக்குள்ள குடோனைப் பூட்டிட்டாங்க, வாசல்ல ஆடிட்டர் கார் வந்து நின்னுருச்சு. பரிமளா அவ கையைப் புடிச்சு இழுத்துக்கிட்டு ஓடுனா. காலையில இருந்து ஸ்டீமர் பத்தவெக்காம சில்லுன்னு கெடந்துச்சு. பக்கவாட்டுக் கதவைத் தொறந்து உள்ள தள்ளுனா.

"நான் வான்னு சொல்ற வரைக்கும் வரப்படாது. மூச்சு விடற சத்தம்கூடக் கேக்கப்படாது, ஆமா."

"மூச்சே விடலைன்னா சத்தம் கேக்காதில்லக்கா?" அப்படீன்னு சொல்லி ரெண்டு கன்னத்தையும் உப்ப வெச்சுக் காட்டுனா தாரணி.

"போடி கோமாளி" அப்படீன்னுட்டு பரிமளா கதவைச் சாத்துனா. அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் வெளியில மட்டுந்தான் உண்டு, அதையும் அவளேதான் போட்டா.

ஆடிட்டர் நல்ல உசரமான மனுசன், கூட மொழி சொல்ல ஒரு பொண்ணு. ஒவ்வொரு மெஷினா பாத்துக்கிட்டு வந்து பரிமளா மேசையாண்ட நின்னு, இங்க வேலை செய்யறது பாதுகாப்பா இருக்குதான்னு கேட்டாரு. அவ வாயைத் தொறந்தா. அதே நிமிசம் அந்தப் பக்கம் மேனேஜர் குணசேகரன் ஸ்டீமர் மாஸ்டரப் பாத்து, "சாருக்கு ஓட்டிக் காட்டுங்க" அப்படீன்னு கை காட்டுனாரு, மாஸ்டரு ஒண்ணுந்தெரியாத மனுசன், வால்வைத் திருப்புனாரு, புஸ்ஸுன்னு ஒரு சத்தம் வந்துச்சு.

பரிமளா அப்பக் கத்தியிருக்கலாம். கத்தியிருந்தா ஆடிட்டருக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கும், கம்பெனி ஆர்டரு போயிருக்கும், அவ வேலை போயிருக்கும், ஒம்போது பேரும் குடோன்ல இருந்து வரிசையா வந்து நின்னிருப்பாங்க, தாரணி மேலெல்லாம் வேர்த்து வெளிய வந்து அக்காளத் திட்டியிருப்பா. ஆனா அவ வாயில அப்ப ஒரு வாக்கியம் பாதியில நின்னுக்கிட்டிருந்துச்சு. அவ அதை முடிச்சா. "எங்க வீடு மாதிரிங்க" அப்படீன்னா. சிரிக்கவும் சிரிச்சா. ஆடிட்டர் எழுதிக்கிட்டாரு, இன்னொரு கேள்வி கேட்டாரு, அதுக்கும் சொன்னா, அவரு அந்தாண்ட நகர்ந்தப்ப இருவது நிமிசம் ஆயிருந்துச்சு.

அப்புறம் ஓடிப்போயித் தாழ்ப்பாளைத் தொறந்தா உள்ள ஆவியும் உருளையுந்தான் இருந்துச்சு. ஒரு ஹேர்பின்னு இல்ல, ஒரு செருப்பு இல்ல, ஒரு முடி இல்ல. மறுபக்கத்துல துணி மட்டும் பளபளன்னு வந்து விழுந்துக்கிட்டே இருந்துச்சு, அது விழுந்து சுருண்டு ரோலாகி, தள்ளுவண்டியில ஏறி, நேரா அவ மேசைக்கே வந்துச்சு.

டிசைன்ல இருந்தது வாழை மாதிரி பெரிய எலையும் ஊதாப் பூவுந்தான். ஆனா அந்த ரோல்ல, அறுபத்தி நாலு சென்டிமீட்டருக்கு ஒருக்கா, பூ எங்க திரும்பி வருதோ அங்கெல்லாம், எலைக்கு நடுவுல தாரணி நின்னா. மொகம் உள்ளங்கை அளவு. ரெண்டு கன்னமும் உப்பி, வாயை இறுக்க மூடி, மூச்சைப் புடிச்சுக்கிட்டு நின்னா. பரிமளா கை அதும்பாட்டுக்கு, பத்து வருசப் பழக்கத்துல, சுருக்கம் இருக்குதான்னு பாக்கத் துணியைக் குறுக்கால இழுத்துச்சு. துணி விரிஞ்சுச்சு, வாய் தொறந்துச்சு.

"வரட்டுமாக்கா?"

கையை விட்டா. வாய் மூடிக்கிச்சு, கன்னம் உப்பிக்கிச்சு.

வான்னு ஒரே ஒரு எழுத்து. அதைச் சொல்லியிருந்தா வந்திருப்பாளோ என்னமோ. ஆனா வந்தா எப்படி வருவா? நூறு டிகிரி ஆவியில இருவது நிமிசம் நின்னவ எந்த மொகத்தோட வருவா, எந்தத் தோலோட வருவா, வந்ததும் அக்காளப் பாத்து மொதல்ல என்ன கேப்பா? அதை நெனைச்சதும் பரிமளா ஸ்டிக்கர் கட்டை எடுத்தா. நூத்தி எம்பத்தேழு தாரணிக்கும் நூத்தி எம்பத்தேழு சிவப்பு அம்புக்குறி ஒட்டுனா, ரோலை ரிஜெக்ட்டுல தள்ளுனா.

குணசேகரன் வந்து பாத்தாரு. அவரும் ஒண்ணும் ஆச்சரியப்படல. "டிசைன்ல ஆளே இல்லியே, இது எவன் சேத்தது?" அப்படீன்னு கம்ப்யூட்டர் ரூமப் பாத்துக் கத்திட்டு, "செகண்ட்ஸுல போடு" அப்படீன்னுட்டாரு. தாரணியைக் காணோம்னு யாரோ சொன்னப்ப மட்டும் கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சாரு. "பதிவேட்டுல பேரே இல்ல. உள்ளயே வராதவ எப்படீங்க உள்ள காணாமப் போவா?" அது ரொம்ப நல்ல கேள்வின்னு எல்லாரும் வேலையப் பாக்கப் போயிட்டாங்க. கேன்டீன்ல மாத்திரம் ஒருத்தன் சோத்தப் பெசைஞ்சுக்கிட்டே, "மூணு வருசமா ரோல்ல ஏத்துங்க ஏத்துங்கன்னு கெஞ்சிக்கிட்டிருந்துச்சு பாவம், இப்பத்தான் ஏறிருக்குது" அப்படீன்னான், நாலு பேரு சிரிச்சாங்க, சிரிச்ச கையோட சாம்பாரு வாங்கப் போனாங்க.

அதே வாரம் முக்குல பஞ்சர் கடை வெச்சிருந்த பையன் சொல்லாம கொள்ளாம சூரத்துக்குப் போயிட்டான். ஊருக்கு அது போதும். தாரணி அவனோட ஓடிப்போயிட்டான்னு காலையில ஒரு வீட்டுல சொன்னது மத்தியானத்துக்குள்ள பரிமளா குடியிருந்த லைன் வீடு முப்பத்தாறுலயும் தெரிஞ்சுபோச்சு.

செகண்ட்ஸ் துணி கிலோக் கணக்குல போடறது வழக்கம், லைன் வீட்டுப் பொம்பளைங்கதான் வாங்குவாங்க. தாரணித் துணியையும் வெட்டி வெட்டி வாங்குனாங்க, நல்ல துணி, வழுவழுன்னு இருக்குது, அம்புக்குறியை உரிச்சுப் போட்டா ஒரு குறையும் தெரியாது. பேபி அக்கா ரவிக்கை தைச்சா. ரிட்டையர் கண்டக்டர் சென்னியப்பன் திண்டுக்கு உறை போட்டாரு. ஒருத்தி நைட்டி, ஒருத்தி ஜன்னல் தெரை, ஒருத்தி தொட்டில் விரிப்பு, ஒருத்தி மிக்ஸிக்கு மூடி. ஒரே மாசத்துல முப்பத்தஞ்சு வீட்டுலயும் தாரணி இருந்தா. பரிமளா வீடு ஒண்ணுலதான் வெளிய தெரியற மாதிரி இல்ல. அவளும் ஒரு துண்டு வாங்கியிருந்தா, ஆனா மடிச்சு பீரோவுல சேலைக்கு அடியில வெச்சுட்டா, அதுக்கு ஒரு காரணம் இருந்துச்சு.

துணி எப்ப இழுபடுதோ அப்பெல்லாம் தாரணி கேட்டா. பேபி அக்கா அரிசி மூட்டையத் தூக்கக் குனிஞ்சா முதுகுல இருந்து "வரட்டுமாக்கா?" அப்படீன்னு கேக்கும். சென்னியப்பன் சாஞ்சு உக்காந்தா இடுப்புக்குக் கீழ இருந்து "வரட்டுமாக்கா?" அப்படீன்னு கேக்கும், அவரு மொத நாளு மட்டும், "அக்கா இல்லம்மா, நான் கண்டக்டர்" அப்படீன்னு சொன்னாரு, அடுத்த நாள்ல இருந்து பழகிக்கிட்டாரு. காத்தடிச்சா ஜன்னல் தெரை கேக்கும். கொழந்தை பொரண்டா தொட்டில் கேக்கும். ஜனங்க வேலையப் பாத்துக்கிட்டே பதில் சொன்னாங்க, வா சாமின்னாங்க, செத்த இருன்னாங்க, போயிட்டு வான்னாங்க. யார் என்ன சொன்னாலும் அவ வரலை, ஏன்னா அவ கேட்டது அவங்கள இல்ல.

அப்புறம் ஒரு நாளு பேபி அக்கா மகளுக்கு மாப்பிள்ளை வீட்டுல இருந்து பதில் வராம இழுத்தடிச்சுக்கிட்டிருந்தப்ப, அவ ரவிக்கைக்கு ஊக்கு மாட்டிக்கிட்டே, "வருவாங்களா வரமாட்டாங்களா?" அப்படீன்னு புலம்புனா. ரவிக்கை, "வரட்டுமாக்கா?" அப்படீன்னுச்சு. "வரட்டும், வரட்டும்!" அப்படீன்னு இவ கத்துனா. பொழுதோட மாப்பிள்ளை வீட்டுக்காரங்க தட்டோட வந்து எறங்கிட்டாங்க.

அவ்வளவுதான். அதுக்கப்புறம் அது துணி இல்ல, குறி சொல்ற சாமி. துபாய்ல இருக்கற மகன் தீவாளிக்கு வருவானான்னு சென்னியப்பன் திண்டைப் புடிச்சு இழுத்தாரு. மழை வருமா, தண்ணி லாரி வருமா, போன கரண்டு வருமா, பரீச்சையில மார்க்கு வருமான்னு ஆளாளுக்கு இழுத்தாங்க. வரட்டுமான்னு கேட்டதுக்கப்புறமும் வரலைன்னா, சரியா இழுக்கலைன்னு அர்த்தம்னு சொல்லி ரெண்டு பேரு ரெண்டு பக்கம் நின்னு இழுத்தாங்க. பக்கத்து ஊர்ல இருந்தெல்லாம் டெம்போ புடிச்சு வந்தாங்க. வந்தவங்க குங்குமம் வெச்சாங்க, கற்பூரம் காட்டுனாங்க, "தாரணியம்மா" அப்படீன்னாங்க. கும்புட்டு முடிச்சுத் திரும்பிப் போறப்ப, "பஞ்சர் கடைக்காரனோட ஓடுனவதானே?" அப்படீன்னும் கேட்டுக்கிட்டாங்க. ரெண்டும் ஒரே வாயில வந்துச்சு, ஒண்ணுக்கொண்ணு இடிக்கவே இல்ல.

ரப்பர் நூலு எத்தனை தடவைதான் திரும்பி வரும்? மூணாம் மாசத்துல துணி தொய்ய ஆரம்பிச்சுச்சு. கையை விட்டாலும் தாரணி வாய் முழுசா மூடலை. நாலாம் மாசம் குரலு கம்முச்சு, வார்த்தை வழுக்குச்சு, "வரட்டுமாக்கா" தேய்ஞ்சு "ரட்டுமா"ன்னு ஆகி, "மா"ன்னு ஆகி, கடைசியில எந்த வீட்டுலயும் சத்தம் இல்ல, பரிமளா பீரோவுல இருந்த ஒண்ணு போக நூத்தி எம்பத்தாறு மொகமும் வாயைப் பொளந்தபடி அப்படியே நின்னுபோச்சு. பாக்கவே கண்றாவியா இருந்துச்சு. சனங்க தெரையைத் திருப்பிப் போட்டுத் தொங்கவிட்டாங்க.

பரிமளா வீட்டுல அவ அம்மா நாச்சம்மா இருந்தா. முப்பது வருசம் விசைத்தறி ஓட்டி ஓட்டிக் காது ரெண்டும் போயிருச்சு, முட்டி வீங்கி வாசப்படி தாண்டி அஞ்சு மாசமாச்சு. காது போனாத் தறிக்காரங்களுக்கு ஒண்ணும் பெரிய நட்டமில்ல. தறி ஓடுற சத்தத்துல உதட்டப் பாத்தே பேசிப் பழகுனவங்க. நாச்சம்மா தெருக்கோடியில நிக்கறவங்க உதட்டக்கூடப் படிப்பா. பரிமளா அந்தத் துண்டை பீரோவுல பொதைச்சு வெச்சதுக்குக் காரணம் அதுதான்.

"துணியில சின்னவ இருக்கறாளாமே? என்ன சொல்றா?" அப்படீன்னு கேப்பா நாச்சம்மா.

"ஒண்ணுஞ் சொல்லல, சும்மா சிரிக்கறா" அப்படீன்னு சொல்லிட்டுத் தலையத் திருப்பிக்குவா பரிமளா.

"எதுக்குத் திரும்பற? மொகத்தக் காட்டிப் பேசு கண்ணு."

அஞ்சாம் மாசம் ஒரு நாளு, தெருவுல ரெண்டு பேரு பேசறதை ஜன்னல் வழியாப் படிச்சுப்போட்டு நாச்சம்மா சோறு திங்காம உக்காந்துட்டா. ஓடுகாலியாம் எம்பட புள்ள, அவ ஒரு தண்ணிக் கொடத்தக்கூட அக்காளக் கேக்காம எடுக்காதவ, அப்படீன்னு அழுதா. பரிமளாவுக்கு எங்கிருந்தோ ஒரு ரோசம் வந்துச்சு. உக்காந்து கலெக்டருக்கு மனு எழுதுனா. என் தங்கச்சி ஓடிப்போகல, கம்பெனிக்குள்ளதான் காணாமப் போனா, விசாரிக்கணும்னு எழுதுனா. யாரு எங்க மறைச்சு வெச்சாங்க, யாரு தாழ்ப்பாள் போட்டாங்கங்கறத எழுதலை. எழுதாம விட்டது தனக்கே தெரியாத மாதிரி கையெழுத்துப் போட்டா.

விசாரணைக்கு ஒரு ஆபீசரம்மா வந்தாங்க. நல்ல மாதிரி, சின்ன வயசு, ஆட்டோவுல வந்து எறங்குனாங்க, யாரு வீட்டுலயும் டீ குடிக்கலை. தெரு நடுவுல மேசை போட்டு உக்காந்து, பேசற துணியப் பத்திக் கேள்விப்பட்டேன், எல்லாரும் அவங்கவங்க துணியை எடுத்துட்டு வாங்கன்னாங்க. ரவிக்கை வந்துச்சு, திண்டு வந்துச்சு, தொட்டில் விரிப்பு வந்துச்சு. ஆபீசரம்மா ஒண்ணொண்ணா இழுத்தாங்க. பொளந்த வாய் பொளந்தபடியே இருந்துச்சு, சத்தமில்ல.

"இது பேசுச்சா?" அப்படீன்னு கேட்டாங்க.

எல்லாரும் ஒருத்தர் மொகத்த ஒருத்தர் பாத்தாங்க. கம்பெனியில வேலை பாக்காத வீடு அந்தத் தெருவுல இல்ல. மேனேஜர் குணசேகரன் மேசைக்குப் பின்னாடிதான் கையைக் கட்டிக்கிட்டு நின்னாரு.

"துணி எங்கீங்க மேடம் பேசும்?" அப்படீன்னாரு சென்னியப்பன். "நம்ம வீட்டுத் திண்டு எப்பவும் வாயைத் தொறந்ததில்லீங்க."

"எம்பட ரவிக்கையா? அட போங்க மேடம், நானே அதுக்குள்ள மூச்சு விட முடியாம கெடக்கறேன்" அப்படீன்னா பேபி அக்கா. தெருவே சிரிச்சுச்சு.

பரிமளாவுக்கு அந்தச் சிரிப்புதான் ஆகலை. விறுவிறுன்னு வீட்டுக்குள்ள போயி பீரோவத் தொறந்து, மடிச்சது மடிச்சபடி இருந்த துண்டை எடுத்துட்டு வந்து மேசையில வெச்சா. செக்கிங் மேசையில இழுத்த அந்த ஒரு இழுப்புக்கு மேல யாரும் தொடாத துண்டு. கன்னம் உப்பிக்கிட்டு, வாயை இறுக்கிக்கிட்டு, புதுசா நின்னா தாரணி. அந்த நேரத்துல ரெண்டு பொம்பளைங்க நாச்சம்மாளை நாற்காலியோட தூக்கிட்டு வந்து முன்னாடி உக்கார வெச்சாங்க, பெத்தவளும் பாக்கட்டும்னு. பரிமளா அதை எதிர்பார்க்கலை.

ஆபீசரம்மா துண்டைத் தூக்கிப் புடிச்சுக் குறுக்கால இழுத்தாங்க.

"வரட்டுமாக்கா?"

தெருவே கேட்டுச்சு. கணீருன்னு, டீ டம்ளர் கழுவிட்டு வந்த அதே குரலு. ஆபீசரம்மா துணியக் கீழ போட்டுருவாங்கன்னு நெனைச்சாங்க எல்லாரும். அவங்க போடலை. எழுதற பேனாவை மட்டும் மூடி வெச்சாங்க.

"கேட்டுக்கிட்டீங்கல்ல மேடம்" அப்படீன்னாரு குணசேகரன், கொரலத் தாழ்த்தி, ரொம்ப மருவாதியா. "அக்கா, நான் போயிட்டு வரட்டுமான்னு சொல்லிட்டுத்தானுங்க கெளம்பியிருக்குது. நம்மூருல வெளிய போறப்ப இப்படித்தானுங்க சொல்லுவாங்க. யாரோடவோ போறதா இருந்தாலும் அக்காகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்குது பாருங்க, நல்லா வளத்த புள்ள."

"ஆமாங்க, அந்த வரட்டுமாதான்" அப்படீன்னு பின்னாடி ரெண்டு மூணு குரலு. அதுல பேபி அக்கா குரலும் ஒண்ணு.

ஆபீசரம்மா பரிமளாவைப் பாத்தாங்க. "அக்கா நீங்கதான். அவ கேட்டது உங்களைத்தான். அவங்க சொல்றதையெல்லாம் நான் எழுதப்போறதில்ல, நீங்க சொல்றதத்தான் எழுதுவேன். இது எந்த வரட்டுமா? போறவங்க சொல்ற வரட்டுமாவா, வர்றவங்க கேக்கற வரட்டுமாவா?"

இழுத்துப் புடிச்ச கைக்கு நடுவுல தாரணி கேட்டுக்கிட்டே இருந்தா, நாச்சம்மா அந்த உதட்டையே படிச்சுக்கிட்டிருந்தா. வரட்டுமாக்கா, வரட்டுமாக்கா, வரட்டுமாக்கா.

வர்ற வரட்டுமான்னு சொன்னா, எங்க இருந்து வர்றதுக்குன்னு அடுத்த கேள்வி வரும். ஸ்டீமருக்குள்ள இருந்துன்னு சொன்னா, யாரு உள்ள விட்டதுன்னு வரும். தாழ்ப்பாள் வரும். புஸ்ஸுன்னு கேட்ட சத்தம் வரும், இருவது நிமிசம் வரும், எங்க வீடு மாதிரிங்கன்னு சொன்ன வாய் வரும். அத்தனையும் அம்மா கண்ணு முன்னாடி, உதட்டு மேல ஒண்ணொண்ணா நடந்து வரும். பரிமளா தலையத் திருப்பலாம்னு பாத்தா, எந்தப் பக்கம் திருப்புனாலும் அங்க ஒரு மொகம் இருந்துச்சு.

"போற வரட்டுமாங்க" அப்படீன்னா.

ஆபீசரம்மா இன்னொரு தடவை கேட்டாங்க. இன்னொரு தடவையும் அதையே சொன்னா. பேனாவைத் தொறந்து எழுதுனாங்க. ஒரு கையில எழுதி, ஒரு கையில துணியை மேசை ஓரத்துல வெச்சு இழுத்துப் புடிச்சிருந்தாங்க, அதனால தாரணி நிறுத்தலை, வரட்டுமாக்கா, வரட்டுமாக்கான்னு கேட்டுக்கிட்டே இருந்தா.

"அட, அது பாட்டுக்குக் கேக்குது, பதில் சொல்லி அனுப்பிவிடு அம்மிணி" அப்படீன்னாரு சென்னியப்பன். "போயிட்டு வான்னு சொல்லு."

போயிட்டு வா. அதுல வா இருக்குது. தெருவே அவ வாயைப் பாத்துக்கிட்டு நின்னுச்சு. அந்த ஒரு எழுத்து வெளிய வந்தா பின்னாடியே யாரு வருவாங்கன்னு அவளுக்கு மட்டுந்தான் தெரியும்.

"போ" அப்படீன்னா பரிமளா.

வெளிய கெளம்பற யாரையும் அந்த ஊருல வா சேக்காம வெறும் போன்னு சொல்றதில்ல, எழவு வீட்டுல மட்டுந்தான் போயிட்டு வர்றேன்னு சொல்லாமக் கெளம்புவாங்க. பேபி அக்கா வாயில கையை வெச்சுக்கிட்டா. துணியில தாரணி வாயை மூடுனா. உப்பியிருந்த கன்னம் எறங்குச்சு, புடிச்சு வெச்சிருந்த மூச்சை அன்னிக்குத்தான் விட்டா, மேசையில இருந்த காகிதம் லேசா அசைஞ்சுச்சு. அப்புறம் திரும்பி எலைக்குள்ள நடந்து போயிட்டா. ரவிக்கையில, திண்டுல, தொட்டில்ல, தெரையில, மேசை மேல கெடந்த அத்தனை துணியிலயும் ஒண்ணு போல திரும்பி நடந்தா. அவ நின்ன எடத்துல எலை வந்து மூடிக்கிச்சு. இப்ப அது சாதாப் பூத் துணி, ஒரு குறையும் இல்ல.

விசாரணை முடிஞ்சுச்சு. சனங்களுக்குப் பரிமளா மேலதான் கோவம். "நல்ல வார்த்தை சொல்லியிருந்தா சாமி இருந்திருக்கும், வாயைக் கழுவ வேண்டாமா?" அப்படீன்னு திட்டிக்கிட்டே துணிகளை எடுத்துட்டுப் போயி, வாய் பொளந்த மொகம் இல்லாததால தெரையை மறுபடி நேராத் தொங்கவிட்டாங்க. குணசேகரன் அந்தப் பூ டிசைனை மறுபடி ஓட்டறதுக்கு உத்தரவு போட்டாரு. பரிமளாவை செக்கிங்குக்கு சூப்பர்வைசர் ஆக்குனாரு, நீலக் கலர் கோட்டு குடுத்தாரு. அவ வாங்கிப் போட்டுக்கிட்டா. குடோன்ல மறைஞ்ச ஒம்போது பேரும் அவளப் பாத்தா எந்திரிச்சு நின்னாங்க.

அம்மா அன்னிக்கு ராத்திரியும் ஒண்ணுங் கேக்கலை, மறுநாளும் ஒண்ணுங் கேக்கலை. சோறு போட்டுக் குடுத்தா வாங்கிச் சாப்புட்டா. பரிமளா தலையத் திருப்பாம மொகத்தக் காட்டிப் பேசிப் பாத்தா, நாச்சம்மா அவ உதட்டப் பாக்கலை.

மூணாம் நாளு மத்தியானம் சோத்துக்கு வீட்டுக்கு வந்த பரிமளா தெருமுக்குலயே நின்னுட்டா. வாசல்ல நாச்சம்மா உக்காந்திருந்தா, முட்டியத் தேச்சுத் தேச்சு யாரு உதவியும் இல்லாம வெளிய வந்திருக்கா. பக்கத்துல நாலு கொடம் தண்ணி. கொண்டையை அவுத்து, கொடத்தத் தூக்கித் தலையோட ஊத்திக்கிட்டா. ரெண்டாங் கொடம் ஊத்துனா. மூணாங் கொடம் ஊத்துனா. தெருவுக்கே அர்த்தம் தெரியும், பொம்பளைங்க வாசலுக்கு வந்துட்டாங்க.

"இப்பவாச்சும் மனசு வந்துச்சே நாச்சம்மக்கா!" அப்படீன்னு பேபி அக்கா கிட்ட போயி, உதடு நல்லாத் தெரியற மாதிரி நிறுத்தி நிறுத்திச் சொன்னா. "ஓடிப்போனவள அன்னிக்கே தலை முழுகியிருக்கணும்."

நாச்சம்மா நாலாங் கொடத்தையும் ஊத்தி முடிச்சு, முடியை முன்னால போட்டுப் புழிஞ்சா.

"எம்பட சின்னவ எங்கியும் ஓடலை" அப்படீன்னா. "இந்த முழுக்கு, நீலக் கோட்டுப் போட்டுக்கிட்டு வேலைக்குப் போறாளே, அவளுக்கு."